மினி ஷின்கான்சென்: புல்லட் ரயிலும் பாசஞ்சர் ரயிலும் ஒரே தண்டவாளத்தில் ஓடுவது எப்படி?

ஜப்பான் புல்லட் ரயிலுக்குத் தனிப் பாதை, லெவல் கிராசிங்கே கிடையாது, வேறு எந்த வண்டியும் குறுக்கே வராது என்றுதான் நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் தோக்கியோவிலிருந்து வடக்கே யமகதாவுக்கும் அகிதாவுக்கும் போகிற இரண்டு வழித்தடங்களில் இந்தக் கதை பாதி வழியோடு முடிந்துவிடுகிறது. மீதி வழியில் அதே வண்டி உள்ளூர் பாசஞ்சருடன் தண்டவாளத்தைப் பகிர்ந்துகொண்டு, கேட் போட்ட லெவல் கிராசிங்குகளைத் தாண்டி, எதிர் வண்டிக்குக் காத்து நின்று ஊர் போய்ச் சேர்கிறது. இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

மினி ஷின்கான்சென் என்றால் சின்ன புல்லட் ரயிலா?

வண்டி கொஞ்சம் சின்னதுதான். ஆனால் விஷயம் பாதையில் இருக்கிறது. தோக்கியோவிலிருந்து ஃபுகுஷிமா வரையோ மொரியோகா வரையோ இந்த வண்டிகள் தொஹோகு ஷின்கான்சென் என்ற முழு அதிவேகப் பாதையில் ஓடும். அங்கிருந்து பக்கவாட்டில் இறங்கி, நீராவி எஞ்சின் காலத்தில் போட்ட பழைய ரயில் பாதையில் ஏறிக்கொள்ளும்.

முதலில் வந்தது யமகதா ஷின்கான்சென். 1992 ஜூலை 1 அன்று ஃபுகுஷிமாவிலிருந்து யமகதா வரை 87 கி.மீ. திறந்தார்கள், 1999 டிசம்பரில் அதை ஷின்ஜோ வரை இன்னும் 61 கி.மீ. நீட்டினார்கள். இதில் ஓடும் வண்டிக்கு சுபாசா என்று பெயர். அகிதா ஷின்கான்சென் 1997 மார்ச் 22 அன்று வந்தது, மொரியோகாவிலிருந்து அகிதா வரை 127 கி.மீ., வண்டியின் பெயர் கொமாச்சி. இரண்டையும் நடத்துவது ஜேஆர் ஈஸ்ட் நிறுவனம். இவை தவிர ஜப்பானில் வேறு மினி ஷின்கான்சென் இல்லை.

பழைய பாதையின் கேஜ் வேறல்லவா? அதில் எப்படி ஓடும்?

வேறுதான். ஜப்பானின் சாதாரண ரயில் பாதைகள் 1,067 மி.மீ. அகலம், நம்ம மீட்டர்கேஜை விடக் கொஞ்சம்தான் பெரிது. ஷின்கான்சென் 1,435 மி.மீ. அதனால் பழைய பாதையில் தண்டவாளத்தைத் தள்ளிப் போட்டு கேஜை மாற்றினார்கள். சுரங்கம், பாலம், வளைவு, ஸ்டேஷன் எல்லாம் பெரும்பாலும் இருந்தபடியே இருந்தன. செலவு மிச்சமானதற்குக் காரணம் இதுதான். மலையைக் குடைந்து புதுப் பாதை போடுவதோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு.

ஆனால் சும்மா கிடைக்கவில்லை. மொரியோகாவுக்கும், அகிதாவுக்கு முன்னால் வரும் ஒமகாரிக்கும் இடையே மலையைக் கடக்கும் தசாவாகோ பாதையை 1996 மார்ச் இறுதியில் மூடினார்கள், திறந்தது ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து. அதுவரை அகிதா போகிறவர்கள் கிதகாமியில் இறங்கி, இதற்கென்றே விட்ட டீசல் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சுற்றிக்கொண்டு போனார்கள். கேஜ் மாற்றத்துக்காக ஊருக்கு ரயில் நின்றுபோவதைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுவாரஸ்யம் என்னவென்றால் யமகதா பாதை திறந்த அதே 1992-ல்தான் இந்தியாவில் யூனிகேஜ் திட்டமும் தொடங்கியது. நாம் நாடு முழுக்க ஒரே கேஜாக்கக் கிளம்பினோம், அவர்கள் ஒரே கேஜில் இருந்த ஒரு வலைப்பின்னலுக்கு நடுவே இரண்டு துண்டை மட்டும் வேறு கேஜாக்கினார்கள். இந்த வித்தியாசத்தின் பலனை (பலன் என்பதா, வினை என்பதா!) கீழே பார்க்கலாம்.

வண்டி ஏன் ஒல்லியாக இருக்கிறது?

பழைய சுரங்கமும் பிளாட்பாரமும் அப்படியே இருப்பதால் பெட்டியும் அதற்குள் அடங்கியாக வேண்டும். முழு ஷின்கான்சென் பெட்டி சுமார் 3.38 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளம். மினி பெட்டி 2.945 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம். அதனால் சாதாரண வகுப்பிலும் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு சீட்தான். நடு சீட்டில் மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை.

இந்த ஒல்லி வண்டி தோக்கியோ மாதிரி பெரிய ஷின்கான்சென் ஸ்டேஷனில் நின்றால் கதவுக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையே ஒரு கால் விழுகிற அளவுக்கு இடைவெளி வரும். அதற்காகக் கதவுக்குக் கீழே மடிந்திருக்கும் ஒரு படி, வண்டி நின்றதும் வெளியே விரியும். வண்டி கிளம்பும்போது மறுபடி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை வீடியோ பார்க்கும்போது கதவுக்குக் கீழே பாருங்கள், ஒரு பலகை மாதிரித் தெரியும்.

மூக்கிலும் ஒரு பேரம் இருக்கிறது. கொமாச்சியின் ஈ6 வண்டிக்கு மூக்கு 13 மீட்டர், அதனால் தொஹோகு பாதையில் 320 கி.மீ. வேகம் போகும், ஆனால் முன்பெட்டியில் சீட் போகும். 2024 மார்ச்சில் சுபாசாவுக்கு வந்த ஈ8 வண்டிக்கு மூக்கை 9 மீட்டராகக் குறைத்து, 300 கி.மீ. வேகம் போதும் என்று வைத்து, சீட்டைக் காப்பாற்றினார்கள். எனக்கு இது நல்ல முடிவாகவே படுகிறது. தோக்கியோ–ஃபுகுஷிமா தூரத்துக்கு 320-க்கும் 300-க்கும் வித்தியாசம் ஓரிரு நிமிடம்.

பழைய பாதையில் எவ்வளவு வேகம்?

அதிகபட்சம் 130 கி.மீ. அவ்வளவுதான்.

லெவல் கிராசிங் இருக்கிற பாதையில் எமர்ஜென்சி பிரேக் போட்டால் 600 மீட்டருக்குள் வண்டி நின்றாக வேண்டும் என்பது ஜப்பானில் நெடுங்கால வழக்கம், 130 என்ற எண் அதிலிருந்து வருகிறது. ஓட்டுபவருக்கும் எல்லாம் மாறுகிறது. அதிவேகப் பாதையில் சிக்னல் கேபினுக்குள்ளேயே வரும், பழைய பாதையில் கம்பத்தில் இருக்கும் விளக்கைப் பார்த்து ஓட்ட வேண்டும். மின்சாரமும் 25,000 வோல்ட்டிலிருந்து 20,000 வோல்ட்டுக்கு இறங்கும், இரண்டுக்கும் ஏற்ற மாதிரிதான் வண்டியைச் செய்திருக்கிறார்கள்.

சட்டப்படி பார்த்தால் இந்தப் பகுதிகள் ஷின்கான்செனே இல்லை. 1970-ல் வந்த சட்டம், பெரும்பகுதி தூரத்தை 200 கி.மீ.க்கு மேல் ஓடக்கூடிய பாதையைத்தான் அந்தப் பெயரில் ஏற்கிறது. காகிதத்தில் இவை இன்றைக்கும் ஓவு மெயின் லைன், தசாவாகோ லைன் என்ற சாதாரண பாதைகள்தான். விளம்பரத்திலும் ஸ்டேஷன் பலகையிலும்தான் ஷின்கான்சென்.

அப்படியானால் நேரம் எவ்வளவு மிச்சம்? இதற்கா இவ்வளவு பாடு?

இதுதான் முக்கியமான கேள்வி. தோக்கியோவிலிருந்து மொரியோகாவரை ஏறக்குறைய 500 கி.மீ. தூரத்தை அதிவேக வண்டி இரண்டு மணி பத்து நிமிடத்தில் கடந்துவிடும். அங்கிருந்து அகிதாவுக்குப் பாக்கி 127 கி.மீ., அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஃபுகுஷிமா–யமகதா 87 கி.மீ.க்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பழைய பாதையில் மட்டும் பார்த்தால் இது ஒரு நல்ல எக்ஸ்பிரஸ், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மொத்தப் பயணத்தில் யமகதாவுக்குச் சுமார் 40 நிமிடமும் அகிதாவுக்கு முக்கால் மணி நேரமும் குறைந்தது. அதில் கணிசமான பங்கு வண்டி மாறுவது ஒழிந்ததால் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கி, குழந்தையை இழுத்துக்கொண்டு, இணைப்பு வண்டி போய்விடுமோ என்ற பதற்றத்தோடு பிளாட்பாரம் மாறுகிற வேலை இல்லை. பனிக்காலத்தில் வயதானவர்களுக்கு இதன் அருமை தெரியும். விமானத்தோடு போட்டி போட்டு யமகதா ஜெயித்ததற்குக் காரணம் வேகத்தைவிட இதுதான் என்பது என் எண்ணம். ஆக, மினி ஷின்கான்சென் விற்பது ‘உட்கார்ந்த சீட்டிலேயே ஊர் போய்ச் சேரலாம்’ என்ற வசதியைத்தான். வேகத்தைப் பார்த்து மதிப்பிட்டால் இது தேறாது, வசதியைப் பார்த்து மதிப்பிட்டால் நன்றாகவே தேறும். ஆனால் அந்த வசதிக்கான விலையைக் கொடுப்பது பெரும்பாலும் வேறு ஆட்கள்.

யார் அவர்கள்? பாசஞ்சர் ரயிலில் போகிறவர்களா?

ஆமாம். கேஜ் மாறியதும் பழைய பாசஞ்சர் வண்டி எதுவும் அந்தப் பாதையில் ஓட முடியாது. அதனால் அகலச் சக்கரம் போட்ட உள்ளூர் வண்டிகளைத் தனியாக வாங்கினார்கள், யமகதா பக்கம் 719, 701 வகை, தசாவாகோ பாதையில் 701 வகை. இந்த வண்டிகள் அந்தத் துண்டுக்குள்ளேயே சுற்றி வர வேண்டியதுதான். ஒரு பக்கம் வண்டி பழுதானால் மற்றப் பக்கத்திலிருந்து ஓட்டி வந்துவிடவும் முடியாது. ஃபுகுஷிமா–ஷின்ஜோவும் ஒமகாரி–அகிதாவும் ஒரே ஓவு மெயின் லைனின் துண்டுகள்தான், ஆனால் நடுவே ஷின்ஜோவிலிருந்து ஒமகாரி வரை சுமார் 100 கி.மீ. இன்னும் பழைய குறுகிய கேஜ். அந்த நடுத்துண்டின் நிலைமை இன்னும் பாவம். 2024 ஜூலை மழையில் ஷின்ஜோ–இன்னாய் பகுதி அடித்துக்கொண்டு போனது, 2025 ஏப்ரலில் திரும்பத் திறந்தபோது மின்கம்பியை எடுத்துவிட்டு டீசல் வண்டியாக்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் தோக்கியோவையும் அவொமோரியையும் இணைத்த முக்கியமான பாதைகளில் ஒன்று இது.

அப்புறம் ஒற்றைப் பாதை. தசாவாகோ லைன் முழுக்க ஒற்றைப் பாதைதான், யமகதாவுக்கு வடக்கேயும் நிறைய இடத்தில் அப்படித்தான். எதிர் வண்டி வந்தால் யார் ஒதுங்குவார்கள் என்று சொல்ல வேண்டுமா? பாசஞ்சர் ஸ்டேஷனின் பக்கத் தடத்தில் நிற்கும், கொமாச்சி சர்ரென்று போகும். கொமாச்சிக்குக் கொமாச்சியே எதிரில் வந்தால் அதுவும் நிற்கத்தான் வேண்டும், அதுதான் ஒரே ஆறுதல். மலைப் பகுதியில் உள்ளூர் வண்டிகளை ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்காகும்.

ஃபுகுஷிமாவுக்கும் யொனெசாவாவுக்கும் நடுவில் இதாயா கணவாய் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு 33 மீட்டர் ஏற்றம், சில இடத்தில் 38. முன்பு இங்கே அடுத்தடுத்து நான்கு ஸ்டேஷன்களில் வண்டி முன்னும் பின்னுமாக நகர்ந்து மலை ஏறும். கேஜ் மாற்றும்போது அதை எடுத்துவிட்டு, பெரும்பாலான இடங்களில் பிளாட்பாரத்தைப் பனி விழாத கொட்டகைக்குள் மாற்றினார்கள். அந்த நான்கில் அகாய்வா ஸ்டேஷனை 2021-ல் மூடியே விட்டார்கள், ஏறி இறங்க ஆள் இல்லை. தோகே என்ற ஸ்டேஷனில் மட்டும் ஒரு பழைய வழக்கம் மிச்சமிருக்கிறது. கழுத்தில் மரத்தட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் பிளாட்பாரத்தில் ‘சிகரா மோச்சி’ என்று நீட்டிக் கூவி, உள்ளே பருப்பு விழுது வைத்த மோச்சி என்ற அரிசிப் பலகாரத்தை விற்பார். நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் வியாபாரம். பாசஞ்சர் அரை நிமிடம்தான் நிற்கும், சில்லறையைக் கையில் தயாராக வைத்திருந்தால்தான் கிடைக்கும். சுபாசாவில் போகிறவர்களுக்கு இதெல்லாம் கொட்டகைக்குள் ஒரு நொடி இருட்டு, அவ்வளவுதான்.

இரண்டு கேஜும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற இடம் இருக்கிறதாமே?

இருக்கிறது, ஒமகாரி–அகிதா. அங்கே முன்பு பெரும்பாலும் இரட்டைப் பாதை. அதில் ஒன்றை அகலமாக்கிக் கொமாச்சிக்குக் கொடுத்தார்கள், மற்றதைக் குறுகிய கேஜாகவே பாசஞ்சருக்கு விட்டார்கள். பார்க்க இரட்டைப் பாதை, உண்மையில் இரண்டு ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக மட்டும் அல்ல, ஒரே திசையிலேயே கொமாச்சியும் பாசஞ்சரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதும் நடக்கும். ஜிங்கூஜிக்கும் மினெயோஷிகாவாவுக்கும் இடையில் குறுகிய பாதையிலும் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போட்டிருக்கிறார்கள், அந்த இடத்தில் இரண்டு கொமாச்சிகள் நிற்காமலே ஒன்றையொன்று கடந்துகொள்ளலாம். மூன்று தண்டவாளத்தில் பாயிண்ட் (தடம் பிரியும் இடம்) எப்படி இருக்கும் என்று படம் தேடிப் பாருங்கள், ரயில் பைத்தியங்களுக்கு விருந்து.

ஒமகாரியில் வண்டி திரும்புகிறதா?

திரும்புகிறது. தசாவாகோ பாதை ஒமகாரிக்குள் நுழையும் திசை அப்படி, அதனால் முன்பக்கம் பின்பக்கமாகிவிடும். ஜப்பானிய சீட்டைக் காலால் ஒரு மிதி மிதித்தால் சுழற்றித் திருப்பலாம், ஆனால் மீதி அரை மணி நேரத்துக்காக யாரும் மெனக்கெடுவதில்லை. அகிதாவில் கிளம்பும்போதே சீட்டெல்லாம் பின்னோக்கி வைத்திருப்பார்கள். முதல் தடவை ஏறுகிறவர்கள் குழம்பத்தான் செய்வார்கள்.

ஏன் இரண்டு ரயிலை ஒட்டவைத்து ஓட்டுகிறார்கள்?

தோக்கியோவில் இடம் இல்லை. வடக்கே போகிற எல்லா ஷின்கான்செனுக்கும் சேர்த்து அங்கே நான்கே தண்டவாளம். ஏழு பெட்டி வண்டிக்குத் தனி நேரம் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் தொஹோகு பாதையிலேயே ஓடும் முழு ஷின்கான்சென் வண்டிகளோடு, அதாவது கொமாச்சியை ஹயபுசாவோடும், சுபாசாவை யமபிகோவோடும் மூக்கோடு மூக்கு கோத்து 17 பெட்டியாக ஓட்டுகிறார்கள். மொரியோகாவிலும் ஃபுகுஷிமாவிலும் பிரிப்பார்கள், திரும்பும்போது சேர்ப்பார்கள். சில சுபாசா தனியாகவும் ஓடும்.

இதில்தான் 2024 செப்டம்பர் 19 அன்று அந்தச் சம்பவம். தோக்கியோ நோக்கி 315 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்த ஹயபுசாவும் கொமாச்சியும் நடுவழியில் பிரிந்துவிட்டன. இரண்டிலும் பிரேக் தானாகப் போட்டு நின்றது, யாருக்கும் காயம் இல்லை. கொமாச்சியின் ஓட்டுநர் அறையில் இருந்த பிரிக்கும் சுவிட்சுக்குப் பின்னால் இரும்புத் துகள்கள் கிடந்தன. 2025 மார்ச் 6 அன்று உவேனோ–ஓமியா இடையே மறுபடி பிரிந்தது, இந்தத் தடவை மெதுவான வேகத்தில். உடனே சேர்த்து ஓட்டுவதை நிறுத்தி, கொக்கி தானாகக் கழலாதபடி உலோகப் பூட்டு ஒன்றைப் போட்டபின்தான் மறுபடி தொடங்கினார்கள்.

பனியில் தாமதமானால் மற்ற ரயிலும் கெடுமா?

கெடும். பகிர்ந்துகொள்வதென்றால் தாமதத்தையும் சேர்த்துத்தான். இதாயாவில் மரம் விழுந்தாலோ, தசாவாகோ மலையில் மான் அடிபட்டாலோ, சுபாசாவும் கொமாச்சியும் நேரத்துக்கு வராது. சேர்ந்து போக வேண்டிய வண்டி காத்திருக்கும், அதற்குப் பின்னால் வருகிறவையும் தேங்கும். 2013 மார்ச் 2 அன்று ஜிங்கூஜி அருகே கொமாச்சி ஒன்று பனிக்குவியலில் ஏறித் தடம் புரண்டது. வேகம் சுமார் 20 கி.மீ.தான், அதனால் பிழைத்தார்கள்.

ஃபுகுஷிமாவில் நிலைமை இன்னும் மோசம். சுபாசா போகவும் வரவும் அங்கே ஒரே பிளாட்பாரம், 14-ம் எண். தோக்கியோ போகும் சுபாசா அந்தப் பிளாட்பாரத்துக்கு வர எதிர்த்திசைப் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வர வேண்டும். 1992-ல் செலவைக் குறைக்க எடுத்த முடிவு, முப்பது வருஷமாக நேர அட்டவணை போடுகிறவர்களைப் படுத்துகிறது. இப்போது தனி இணைப்புப் பாதை கட்டுகிறார்கள், 2026 நிதியாண்டு முடிவுக்குள் முடிப்பதாகத் திட்டம்.

சரக்கு ரயில், இரவு ரயில் எல்லாம் என்ன ஆயிற்று?

வழி மாறின. இந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்த ‘அகேபோனோ’ இரவு ரயிலை 1990-லேயே வேறு வழியாகத் திருப்பினார்கள். 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு கிழக்குக் கரைப் பாதை உடைந்து, வடக்கே எண்ணெய் அனுப்ப வேண்டி வந்தபோது, டேங்கர் ரயில்கள் ஜப்பான் கடல் ஓரமாக அவொமோரி வரை ஏறி மொரியோகாவுக்கு இறங்கின, இன்னொரு பக்கம் பான்எத்சு மேற்குப் பாதையில் கோரியாமாவுக்குப் போயின. நடுவே மலையைக் கடக்கும் இந்த இரண்டு பாதையிலும் அந்த வண்டிகள் நுழையவே முடியாது.

இவ்வளவு மலிவு என்றால் மற்ற ஊர்கள் ஏன் கேட்கவில்லை?

மலிவானதை வாங்கினால் முழுசு எப்போதைக்கும் கிடைக்காது என்ற பயம்தான். ஓவு ஷின்கான்சென் என்று முழுப் பாதை ஒன்று 1973-லேயே அரசின் அடிப்படைத் திட்டத்தில் இருக்கிறது, யமகதாவும் அகிதாவும் இன்றைக்கும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கிடைத்தபாடில்லை.

நாகசாகி வேறு வழி போய் மாட்டிக்கொண்டது. சக்கர அகலத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ரயில் வரும் என்று நம்பினார்கள், அது தேறவில்லை. 2022 செப்டம்பரில் தாகேயோ ஒன்சென்–நாகசாகி 66 கி.மீ. மட்டும் தனியாகத் திறந்து, எதிர்ப் பிளாட்பாரத்தில் வண்டி மாற வைத்திருக்கிறார்கள். நடுவில் இருக்கும் சாகா மாவட்டத்துக்கு மினி ஷின்கான்செனும் ஒரு யோசனையாகப் பேசப்பட்டது, யாருக்கும் பெரிய ஆர்வம் இல்லை.

நம்ம ஊர் வந்தே பாரத்தும் இதே மாதிரிதானே?

பாதிதான். வந்தே பாரத்தும் பாசஞ்சர், கூட்ஸ் எல்லாவற்றோடும் பாதையைப் பகிர்கிறது, சென்னை–ஜோலார்பேட்டை மாதிரி நல்ல இடங்களில் 130 போகிறது. ஆனால் கொமாச்சிக்கு முதல் 500 கி.மீ. தனிப் பாதை இருக்கிறதே, அது நம்மிடம் இல்லை. மும்பை–அகமதாபாத் அதிவேகப் பாதை 1,435 மி.மீ., நம்ம பிராட்கேஜ் 1,676 மி.மீ. அதனால் அந்த வண்டி அகமதாபாத்துக்கு அப்பால் பழைய பாதையில் இறங்கி அடுத்த ஊருக்குப் போகவும் வழியில்லை.

வேகம் கூடுமா?

சுரங்கம் தோண்டினால். இதாயாவுக்குக் கீழே சுமார் 23 கி.மீ., தசாவாகோ மலைக்குக் கீழே சுமார் 15 கி.மீ. என்று இரண்டு யோசனைகள் இருக்கின்றன. முதலாவது பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் மிச்சப்படுத்தும், இரண்டாவது ஏழு நிமிடம் போல. பனித் தொல்லை குறைவதுதான் உண்மையான லாபம். பணத்தை யார் போடுவது என்பதில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

போய் ஏறிப் பார்க்க வேண்டும். என்ன செய்யலாம்?

இரண்டிலுமே எல்லா சீட்டும் ரிசர்வேஷன்தான் (சுபாசாவில் 2022 மார்ச் வரை ரிசர்வ் இல்லாத பெட்டி இருந்தது), அதனால் முன்பே போட்டுவிடுங்கள். ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் சுபாசாவில் யொனெசாவா வரை போய், அந்த ஊர் மாட்டிறைச்சி பெந்தோ (டப்பாச் சாப்பாடு) சாப்பிடுகிறவர்கள் வாங்கிக்கொண்டு, திரும்பும்போது பாசஞ்சரில் இதாயா வழியாக இறங்குங்கள். பாசஞ்சர் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ப சுபாசாவைப் பிடியுங்கள், மாற்றிச் செய்தால் யொனெசாவா ஸ்டேஷனிலேயே அரை நாள் போய்விடும்.